பியானோ இல்லாமல் ஓடின குதிரைகள்

சூடான புரொஜெக்டரில தூசி கருகிற மணம்... அந்த ஹோலுக்குள்ள கால் வைச்ச உடன மூக்கில ஏறுறது அதுதான்.

தொண்ணூறுகளில, லண்டன் வந்த புதுசு. கிங்ஸ்பரியில ஒரு கொம்யூனிட்டி ஹோலில எனக்குக் கிளீனிங் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில பீட்டர் எண்ட வெள்ளைக்காரர் அங்க ஊமைப்படக் காலத்துக் கௌபோய் தொடர்கள் போடுவார். குதிரை, துப்பாக்கி, ஓடுற ரயிலுக்கு மேல பாயுற ஒரு பெட்டை...

கிழமைக்கு ஒரு பாகம். அவள் மலை விளிம்பில தொங்கேக்க, மிச்சம் அடுத்த கிழமை எண்டு எழுத்துப் போட்டு முடிச்சிடுவினம்!

என்ர மனுசி மாலினி அப்ப வந்து நாலு மாசம். ஊரில சங்கீத ரீச்சர். ஷெல்லடியில தம்பியைப் பறிகுடுத்திட்டு வந்தவ. கேட்டதுக்கு ஓம், இல்லை... அவ்வளவுதான் கதை. அறையில தனிய விடப் பயந்து, வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் கதிரையில இருத்துவன்.

முதல் நாள் பஸ்ஸில வரேக்க திடீரெண்டு கேட்டா.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை விழுந்திடுமோ?"

"அடுத்த சனிக்கிழமைதான் தெரியும்."

"அப்ப அண்டைக்கும் வருவம், என்ன?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டன். வந்த நாளில இருந்து, நாளைக்கு எண்டு கூட ஒண்டும் சொல்லாத மனுசி அவ.

படத்துக்குச் சத்தம் இல்லைத்தானே... மார்கரெட் எண்ட ஒரு அம்மா முன்னுக்கு இருந்து பியானோ வாசிப்பா. ஒரு சனிக்கிழமை அவவுக்குக் காய்ச்சல். பீட்டர் சொரி சொல்லிப்போட்டு அப்பிடியே ஓட விட்டார். குதிரைகள் சத்தமே இல்லாமல் ஓடுது. சனம் இருமுது. ரெண்டு பேர் எழும்பிப் போயிட்டினம்.

பக்கத்தில பாத்தன். மாலினியைக் காணேல்ல.

பியானோவுக்கு முன்னால இருக்கிறா!

ஆர்மோனியம் பழகின கை. முதல்ல ஒரு விரல்... பிறகு ரெண்டு கையும். குதிரை ஓட்டத்துக்குத் துள்ளுற கதனகுதூகல ராகம். அந்தப் பெட்டை பிடிச்ச கயிறு அறுகேக்க அழ வைக்கிற சுபபந்துவராளி... கௌபோய்க்குச் சுபபந்துவராளி! ஹோலில ஒரு இருமல் இல்லை.

படம் முடிஞ்சு பீட்டர் லைட்டைப் போட்டார். அவ நிப்பாட்டேல்ல. கண்ணால தண்ணி ஓடுது, கை வாசிக்குது. பீட்டர் ஒருக்காப் பாத்தார்... லைட்டைத் திரும்ப நூத்திட்டார். அந்த இருட்டுக்குள்ள அவ வாசிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பேல்ல.

பிறகு பீட்டர் தேத்தண்ணி கொண்டு வந்து, அடுத்த கிழமையும் வர ஏலுமோ எண்டு இங்கிலீசில கேட்டார்.

"ஓம்" எண்டா. தமிழிலயே.

ஹோலை இடிக்குமட்டும், கன வருசம், மார்கரெட்டும் அவவும் மாறி மாறி வாசிச்சவை. இப்ப அந்த இடத்தில பிளாட்ஸ். பீட்டரும் போய்ச் சேர்ந்திட்டார். அந்தத் தொடரெல்லாம் போனிலயே கிடக்கு, எல்லாப் பாகத்தையும் ஒரே இருப்பில பாத்து முடிக்கலாம். வசதிதான்... ஆனா எங்களுக்கு அந்த ஒரு கிழமை இடைவெளிதான் மருந்தாய் இருந்தது. அந்தத் தொடரை எடுத்த, பேர் தெரியாத படக்காரருக்கும் பீட்டருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இதை மேல் மாடியில இருந்து எழுதுறன். கீழ மாலினியிட்ட கீபோட் பழக வந்த வாண்டு ஒண்டு தாளத்தை விட்டிட்டுத் தன்ர பாட்டில ஓடுது. மனுசி விழுந்து விழுந்து சிரிக்கிறது இஞ்ச வரைக்கும் கேக்குது.