அஸ்லி என்றால் அசல் என்று நினைத்தேன்

1. ரோஜாவோடு வந்த நாள்

மலேசிய மலைத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் துரை பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இடுப்பில் கவ்வாத்துக் கத்தியைச் செருகிக்கொண்டு போனேன். அங்கே அந்தக் கத்திக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். வெறும் கையோடு போய் நிற்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதே கத்திதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்து வேலையில் இருந்தேன். கை வழுக்கிக் கத்தி முழங்காலில் இறங்கிவிட்டது. காயம் ஆறியது, கால் மடங்க மறுத்தது. மலைச் சரிவில் ஏற முடியாத ஆளுக்கு டீ எஸ்டேட்டில் என்ன வேலை கொடுப்பார்கள்? என் மனைவி பார்வதியின் அண்ணன் கங்காணியாக இருந்தார். அவர் எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் நடையாய் நடந்து பங்களா தோட்ட வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

"டெம்பரவரிதான் மாப்ள. புவானுக்குப் புடிச்சாத்தான் நெரந்தரம். இதுவும் போச்சுன்னா லைன் வீட்ட காலி பண்ணச் சொல்லிருவாங்க. என் தங்கச்சி கைப்புள்ளையோட நிக்கிறா, பாத்துக்க" என்றார்.

வெள்ளைக்காரத் துரை போய் உள்நாட்டுத் துரை வந்திருந்த சமயம் அது. புதுத் துரையைத் துவான் என்றும் அவர் மனைவியைப் புவான் என்றும் கூப்பிடுவோம். மலாய்க்காரப் பெண்மணி, குரல் உயராமல் பேசுவார். பழைய துரைசானி வைத்துவிட்டுப் போயிருந்த பூப்பாத்திகளைக் காட்டி, "இதெல்லாம் எடுத்துடு. எனக்கு பொக்கோ அஸ்லி வேணும். எங்க கிடைக்குதுன்னு தேடி வாங்கிட்டு வா" என்று மலாயில் சொன்னார்.

பொக்கோ என்றால் செடி, மரம். அஸ்லி என்ற சொல்லையும் நாங்கள் தினமும் கேட்பவர்கள்தான். டவுனில் கைக்கடிகாரம் விற்பவன், தேன் விற்பவன், தைலம் விற்பவன் எல்லாரும் "இது அஸ்லிலா, டூப்ளிகேட் இல்ல" என்றுதான் விற்பார்கள். அஸ்லி என்றால் அசல், ஒரிஜினல். புவானுக்கு ஒரிஜினல் செடி வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு எஸ்டேட் லோரியில் நர்சரிகள் இருக்கும் கியா பார்முக்குப் போனேன்.

நர்சரிக்காரச் சீன அம்மாவிடம், "அஸ்லிதான் வேணும், லோக்கல் மால் வேண்டாம்" என்று கறாராகச் சொன்னேன். அவளும் கழுத்தில் இங்கிலீஷ் லேபல் தொங்கும் ரோஜாச் செடிகளை எடுத்து வைத்தாள். வெளிநாட்டுச் சரக்கு. லேபலைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டேன். முள் குத்தக் குத்த மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

புவான் ரோஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது அஸ்லியா?" என்றார். "ஒரிஜினல் இங்கிலாந்து, புவான்" என்று லேபலைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துரையைக் கூப்பிட்டார். துரை சிரித்தார். சமையற்கட்டு ஜன்னலில் இன்னும் இரண்டு தலைகள் சிரித்தன.

"அஸ்லின்னா இந்த மலையிலேயே மொளைச்சது, முத்தையா. ஓராங் அஸ்லி இல்லையா? நாம எல்லாரும் வர்றதுக்கு முன்னால இருந்தே இங்க இருக்கிறவங்க. அந்த மாதிரி செடி" என்றார் புவான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஓ, சகாய் செடியா புவான்!" என்றேன்.

காட்டுவாசிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் அப்பா சொன்னார், கங்காணி சொன்னார், நானும் சொன்னேன். புவானின் முகம் சுருங்கியது. என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் உள்ளே டெலிபோன் அடித்தது, போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் கதை லைன் வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் "அஸ்லி முத்தையா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சுட்டது.

2. குரங்குக் குடுவை

அடுத்த வாரம் கோலா தெர்லா பக்கம் போனேன். காய்கறி லோரிகள் நிற்கும் சாலையோரத்தில் ஓராங் அஸ்லி ஆள் ஒருவன் பெத்தாய்க் காய்க் கொத்து, மூங்கில் குருத்து, தேன், காட்டுச் செடி எல்லாம் பரப்பி வைத்து விற்பான். என் வயதுதான் இருக்கும்.

"ஹோய் சகாய், ஹுத்தான் செடி என்னா இருக்கு?" என்றேன். ஹுத்தான் என்றால் காடு.

அவன் சாக்கைப் பிரித்தான். மரத்துண்டோடு ஒட்டிய ஆர்கிட், கைவிரல் போல் சுருண்ட பெரணி, அடியில் ஈரப்பாசி சுற்றிய குடுவைச் செடிகள். இலை நுனியில் மூடி போட்ட சின்னச் சொம்பு தொங்கும் செடி அது. மலாயில் பெரியோக் கெரா, குரங்குக் குடுவை என்பார்கள். எடுத்த எடுப்பிலேயே புவானுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தது. விலை கேட்டேன். சொன்னதில் பாதிக்கு இழுத்தேன். கொடுத்துவிட்டான். குடுவைச் செடியைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். லோரி ஹாரன் அடித்தது. "தெரியும் தெரியும், செடி எனக்கே தெரியும்" என்று ஏறிவிட்டேன்.

புவான் குழந்தை போல மகிழ்ந்தார். அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் போர்ட்டிகோ ஓரம் முழுக்க இதுவே நிற்க வேண்டும் என்றார். பார்வதிகூட அன்று என்னைக் கேலி செய்யவில்லை. "பொழச்சிக்கிட்டீங்க" என்றாள்.

செடியைச் சீக்கிரம் பெருக்க வேண்டும் என்ற அவசரத்தில், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். தேயிலைக்குப் போடும் உரத்தை வாங்கிக் கை நிறைய அள்ளி வேரில் போட்டேன். தேயிலை அதைச் சாப்பிட்டுத்தான் பச்சையாக நிற்கிறது, இது மட்டும் வேண்டாம் என்றா சொல்லும்?

சில நாளில் சொம்புகள் கருகின. பிறகு இலை கருகியது. புவான் காலையில் வந்து செடியைத் தொட்டுப் பார்த்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. "உன்னால முடியலன்னா சொல்லிடு முத்தையா, வேற ஆள் பார்க்கிறேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"அந்த சகாய் ஏமாத்திட்டான் புவான். வேரு அழுகினத வித்துட்டான்" என்றேன். சொல்லும்போது நானே அதை நம்பினேன்.

3. சாலையோரச் சண்டை

அன்றே கோலா தெர்லாவுக்குப் போனேன். செத்த செடியை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லோரி ஆட்கள், கடைக்காரர்கள், காய் வாங்க வந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். கூட்டம் இருந்தது எனக்கு வசதியாகத்தான் பட்டது.

பையை அவன் முன்னால் கொட்டினேன். "ஹோய் சகாய்! செத்த செடியயா விக்கிற? என் வேலையே போகப் போவுது தெரியுமா?" என்று மலாயில் கத்தினேன்.

அவன் குனிந்து ஒரு செடியை எடுத்தான். வேரை முகர்ந்தான். நிமிர்ந்து, அமைதியாக, பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பது போலக் கேட்டான்.

"கெலிங், நீ இதுக்கு என்ன போட்டே?"

எங்களை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. மலேசியாவில் பிறந்த தமிழனுக்கு அது என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸில், ஆபீஸ் கவுண்டரில் கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன இடம் அது. அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "யார்ரா கெலிங்? என்னா தைரியம் ஒனக்கு?"

லோரி ஆட்கள் ஓடிவந்து என் கையை விலக்கினார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தான்.

"ஏன் கோபம்? அதுதானே உங்க ஆளுங்க பேரு? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் திட்டலயே" என்றான்.

நானும்தான் உன்னைத் திட்டவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது. எல்லாரும் சொல்கிறார்கள் என்றுதானே நானும் சொன்னேன்? சகாய் என்ற சொல்லில் அடிமை என்ற வாடை இருப்பதை அப்பா சொல்லவில்லை, கங்காணி சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. புவானின் முகம் அன்று ஏன் சுருங்கியது என்று இப்போதுதான் புரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர் முன்னால் அவன் சட்டையில் என் கை பிடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது.

"ஒன் பேரு என்னா?" என்று கேட்டேன். இத்தனை பேரம் பேசிய பிறகு அதுதான் முதல் தடவை.

"அலாங். பா அலாங்னு கூப்பிடுவாங்க."

பா என்பது அவர்கள் பேச்சில் ஆண்களுக்கு வைக்கும் மரியாதைச் சொல். இதுவரை அவன், இவன் என்று எழுதிவிட்டேன். அன்று வரை என் மனதில் அப்படித்தான் இருந்தார். இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன்.

என் பெயரைக் கேட்டார். முத்தையா என்றேன். "முத்தாயா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு அன்று லோரி ஹாரனில் நான் கேட்காமல் போனதைச் சொன்னார். குடுவைச் செடிக்குப் பாசியும் மழைத்தண்ணீரும் போதும், பூச்சி பிடித்துத் தின்கிற செடிக்கு உரம் வைத்தால் கருகிவிடும் என்றார். பாதி விலைக்கு இழுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்து எப்போது என்று மட்டும் கேட்டார். அதற்குள் வேறு செடி எடுத்துவந்து பங்களாவில் தானே நட்டுத் தருகிறேன் என்றார்.

4. விருந்து நாள்

சொன்னபடி அன்று விடியற்காலையிலேயே சாக்கோடு வந்துவிட்டார். அவர் மண்டி போட்டும் நான் ஒரு காலை நீட்டி உட்கார்ந்தும், பாசி அடைத்து, கல் வைத்து நட்டுக்கொண்டு போனோம். பேச்சு அதிகமில்லை. என் மடங்காத காலைப் பார்த்துவிட்டு, குழி தோண்டும் பக்கத்தை அவரே எடுத்துக்கொண்டார். புவான் வந்து பார்த்துக் கை தட்டினார். "இதுதான் முத்தையா, இதுதான்!" என்றார். கங்காணி வேலி ஓரம் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை நிலைத்துவிட்டது என்று அர்த்தம்.

கொஞ்சம் செடிதான் பாக்கி. விருந்தாளிகள் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். தொப்பி போட்ட பெரிய மனிதர் ஒருவர் செடிகளைப் பார்த்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். என்னிடம் மலாயில் கேட்டார்.

"நல்லா இருக்கே. இந்த சகாயை எங்க புடிச்ச? நம்பிக்கையான ஆளா?"

பா அலாங் கைக்கெட்டும் தூரத்தில் குனிந்து பாசி அடைத்துக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு நொடி நின்றதைப் பார்த்தேன். அவர் பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. புவான் பின்னால் நிற்கிறார், கங்காணி வேலியில் நிற்கிறார், வேலை இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. பெரிய மனிதரைத் திருத்த நான் யார்?

"ஆமா துவான். நல்ல ஆளு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே பா அலாங் பக்கம் திரும்பினார். என்னைக் கட்டைவிரலால் காட்டினார்.

"இந்த கெலிங் இதையெல்லாம் ஒழுங்கா காப்பாத்துவானா?"

பா அலாங் எழுந்தார். கையில் இருந்த மண்ணைச் சட்டையில் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவர் பேரு முத்தாயா, துவான்."

பெரிய மனிதர் "ஓ" என்று சொல்லிவிட்டுத் தேநீர் மேசைப் பக்கம் நகர்ந்தார். அவர் அதை நினைவில்கூட வைத்திருக்க மாட்டார். பா அலாங் மறுபடி மண்டி போட்டார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. குனிந்து பாசியை அடைத்துக்கொண்டே இருந்தேன், அடைத்து முடித்த குழியிலேயே திரும்பத் திரும்ப அடைத்தேன்.

வேலை முடிந்ததும் "தண்ணி குடிச்சிட்டுப் போங்க, பா அலாங்" என்றேன். யாரும் இல்லாத வாசல் கேட் பக்கத்தில், மெதுவாகச் சொன்னேன். குடித்தார். காலிச் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் சொல்லாததைப் பற்றி அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகு வந்த வருடங்களிலும் கேட்கவில்லை.

அன்று பார்வதி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். மச்சானும் வந்திருந்தார். "அஸ்லி முத்தையா இனிமே நெரந்தர முத்தையா" என்று சிரித்தார்கள். பாதிச் சோற்றில் எழுந்தேன். கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

அந்த வேலையில் எண்பதுகளின் கடைசி வரை இருந்தேன். மற்ற பங்களாக்களுக்கும் செடி வாங்கிக் கொடுத்தேன், எல்லாம் பா அலாங்கிடம்தான், பேரம் பேசாமல். இப்போது ஹோட்டல்களில் தோட்ட வேலை பார்க்கும் தம்பிகள் காட்டுச் செடியை எப்படி வளர்ப்பது என்று கேட்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். பாசி, நிழல், மழைத்தண்ணீர், உரம் கூடாது. இவ்வளவுதான் செடியைப் பற்றி எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் சொல்லி அனுப்புவேன். யாரிடம் வாங்கினாலும் பெயரைக் கேளுங்கள். கேட்டு மனதில் வைத்துக்கொண்டால் போதாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டிய நேரம் ஒன்று வரும்.

வீட்டு வாசலில் குடுவைச் செடி தொங்குகிறது. பார்ப்பவர்கள் எந்த நர்சரி என்று கேட்பார்கள். "பா அலாங் கொடுத்தது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன். இவ்வளவு சத்தமாக ஏன் சொல்கிறீர்கள் என்று பார்வதி திட்டுவாள். அந்த விருந்து நாளில் நான் சொல்லாமல் விட்டதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.