மைக் உள்ளே, நான் வெளியே

நான் முதன்முதல் லவுட்ஸ்பீக்கர் கட்டியது ஓர் இடதுசாரிக் கட்சியின் கூட்டத்துக்கு. "கோயில் கதவு எல்லாருக்கும் திறக்கோணும்!" என்று தோழர் முழங்கினார். எங்கள் சாதியை உள்ளே விடாத கோயில் ஊரில் இருந்தது. இன்றும் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

தமிழ்த் தேசியக் கட்சி மேடைக்கும் நான்தான் சவுண்ட். அங்கே வேறு கதை. "உந்தக் கோயில் கதையை இப்ப கிளறாதேங்கோ. முதலிலை இனம். சாதியைப் பிறகு பாப்பம்" என்பார்கள்.

போர் வந்து போனது. போன தேர்தலில் பார்த்தால் எல்லாம் தலைகீழ். தமிழ்க் கட்சியோடு கூட்டணி சேர்ந்த தோழர் கட்சி, சாதி என்ற சொல்லையே விழுங்கிவிட்டது. தமிழ்க் கட்சி வேட்பாளரோ, "சாதி பாக்கிறவன் தமிழனே இல்லை!" என்று கத்தினார். அவர்தான் எங்கள் ஊர்க் கோயிலின் தலைவர். நம்பிவிட்டேன்.

அந்தக் கோயில் திருவிழாவுக்கும் நான்தான் ஒலிபெருக்கிக்காரன். அம்ப்ளிஃபயரோடு வெளி மதிலடியில் நிற்பேன். மைக்கை வேறொருவர் உள்ளே கொண்டுபோவார். அது கீச்சிட்டாலும் நான் போய்த் திருத்த முடியாது.

தேர்தல் கூட்டம் முடிய, வயரைச் சுற்றிக்கொண்டே அந்த வேட்பாளரிடம் கேட்டேன்.

"ஐயா, இந்தமுறை மைக்கை நானே உள்ளை கொண்டுவந்து வைக்கட்டோ?"

"கொஞ்சம் பொறுமன். உது ஊர் விசயம். வோட்டு உடையும்."

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்! தோழரிடம் ஓடினேன். கிழவராகிவிட்ட தோழர் தலை குனிந்தார்.

"நீ கேக்கிறது நியாயம்தான், தம்பி. இப்ப அவையளோடை கூட்டு. நான் வாய் திறக்கேலாது."

திருவிழாக் கொடியேற்றத்துக்கு என்னை அமர்த்த வந்த கோயில்காரரிடம் சொல்லிவிட்டேன்: "மைக்கோடை நானும் உள்ளை வருவன். இல்லையெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ."

பார்த்தார்கள். என் மனைவியின் தம்பியையே பிடித்தார்கள். அவன் மதிலடியில் நிற்கச் சம்மதித்துவிட்டான்.

"அத்தான், பிள்ளையளுக்குச் சோறு வேணுமெல்லே" என்றான். அவனை என்னத்தைச் சொல்ல?

தேரன்று மனைவியும் தம்பியோடு கோயில் வெளிவீதிக்குப் போய்விட்டாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். கோயில் மைக் கீச்சிட்டது வீடுவரை கேட்டது. ஓடிப்போய்த் திருத்த வேண்டும் போலக் கை துடித்தது. அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கட்சியும் என்னைக் கூப்பிடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாரே, எந்தக் கட்சி உரிமை பேசுகிறது என்று பார்த்து மயங்காதீர்கள். அது மாறிக்கொண்டேயிருக்கும். மைக்கை நிறுத்திய பிறகு, பேசியவரிடம் உங்களுக்கு வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். கேட்டால் தனித்துப்போவீர்கள். என்றாலும் கேளுங்கள்.