கையைக் கட்டிக்கொண்டு செய்த வேலை

"உங்கள் கைகளுக்கு அவசரம் அதிகம்" என்று என் ஆசிரியை முதன்முதலில் சொன்னபோது, அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். என்னைவிட வயதில் குறைந்தவர். நல்ல சிரிப்புக்காரி.

ஜெர்மனியின் எசன் நகரில் முதியோர் பராமரிப்புப் படிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு முன் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு அறைக்கு அறை போனால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆட்களின் வாயில் வரும் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் பாதி அந்த அறைகளில் பொறுக்கியதுதான். ஒருநாள் அங்கிருந்த தாதி ஒருத்தி, "இவ்வளவு கதைக்கிறாயே, துடைப்பத்தை வைத்துவிட்டு எங்கள் பக்கம் வாவன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வழி நேராக இருக்கவில்லை. ஊரில் படித்ததற்கு என் கையில் அத்தாட்சி எதுவும் இல்லை. அதனால் முதலில் மக்கள் கல்லூரிக்குப் போனேன். ஜெர்மனியில் ஊருக்கு ஊர் அப்படியொன்று இருக்கும். வேலை முடிந்து வருகிற பெரியவர்கள் மாலையில் போய்ப் படிக்கிற இடம். அங்கே பள்ளிக்கூட இறுதிப் பரீட்சையை எழுதித் தேறினேன். பிறகு உதவியாளருக்கான ஒரு வருடப் படிப்பு. அதில் நன்றாகத் தேறினால்தான் மூன்று வருட அவுஸ்பில்டுங்குக்குள், அதாவது முழுத் தாதியாக்கும் தொழிற்படிப்புக்குள் விடுவார்கள். எனக்கு அந்த மூன்று வருடம்தான் வேண்டும். உதவியாளராகவே நின்றுவிட மனமில்லை.

எழுத்துப் பரீட்சையை ஒருவாறு கடந்துவிட்டேன். மிஞ்சியது செய்முறைச் சோதனை. பிரச்சினையும் அங்கேதான் இருந்தது.

வயதானவரைப் பார்ப்பதென்றால் அவரை ஒரு விரல் அசைக்க விடக்கூடாது; எங்கள் வீடுகளில் அப்படித்தான். அவர் கேட்குமுன் முகம் துடைத்து, தலை வாரி இழுத்து, சட்டை மாட்டி, தெறி பூட்டி விடவேண்டும். பொத்தானை நாங்கள் தெறி என்போம். நான் அப்படியே செய்தேன். ஆசிரியை ஒவ்வொரு முறையும் புள்ளியைக் குறைத்தார். "அவரால் செய்ய முடிந்ததை நீங்கள் செய்துவிட்டால், நாளைக்கு அவரால் அதுவும் முடியாமல் போகும். பக்கத்தில் நில்லுங்கள், பேசுங்கள், கையைக் கட்டுங்கள்" என்பார்.

இதை எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருந்த ஊர்க்கார அக்காவிடம் சொன்னேன். அவ பேக்கரியில் வேலை செய்கிறவ, நாக்கில் கத்தி வைத்திருப்பவ.

"வயசு போன மனுசி தெறி பூட்ட, நீ கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"ஓமக்கா."

"அதுக்கொரு படிப்பு?"

"ஓமக்கா, அதுக்குச் சோதினையும் இருக்கு."

"என்ரை மருமகள் ஒரு சோதினையும் எடுக்காமல் அதைத்தானடி செய்யிறாள்!"

படிக்கட்டு முழுக்க எங்கள் சிரிப்புத்தான்.

பழகிப் பார்க்க எனக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார். என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். திங்கட்கிழமை அவருக்கு லீவு. அவரைக் கதிரையில் இருத்தி, வலது கை வராது என்று நினைத்துக்கொள்ளச் சொன்னேன். மனிதர் அதில் இறங்கிவிட்டார். வலது கையோடு இடது கை, இரண்டு கால், கழுத்து எல்லாம் விழுந்துவிட்டன.

"ஏலாது. என்னாலை முடியாது."

"இஞ்சேருங்கோ, இடது கையாலை பூட்டலாம்."

"ஏலாது. தேத்தண்ணியையும் நீரே பருக்கிவிடும். எனக்கு வாயும் சரியில்லை."

"வாய்க்கு ஒரு குறையும் இல்லை. தெறியைப் பூட்டுங்கோ."

எத்தனை கெஞ்சியும் அசையவில்லை. அலுத்துப்போய், "சரி விடுங்கோ, அந்தப் புதுச் சமையல்காரன் எப்பிடி?" என்று கேட்டேன். வந்ததே கோபம்! உப்புப் போடத் தெரியாதவன், வெங்காயம் வெட்டத் தெரியாதவன் என்று அவர் தொடங்க, இடது கை தன்பாட்டில் தெறிகளைப் பூட்டிக்கொண்டே போனது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துத் தெறிக்கு வந்தபிறகுதான் அவருக்கே விளங்கியது. "ஏமாத்திப் போட்டீர்" என்றார்.

சோதனைக்கு எனக்குக் கிடைத்தவர் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி. கணவர் போய்ச் சேர்ந்து நெடுங்காலம். பாரிசவாதத்தில் அவருடைய வலது கை பாதி விழுந்திருந்தது, வாய் விழவில்லை. அவருடைய ஜெர்மன் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். அப்படியே எழுதுகிறேன். "காலமை முதல் கோப்பி உள்ள போகுமட்டும் நான் ஒருத்தருக்கும் சொந்தக்காரி இல்லை" என்பார். சோதனைக்கு முதல் நாளே போய் அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு நீங்களாத்தான் உடுப்புப் போடவேணும். நான் பக்கத்திலை நிப்பன்."

"அப்ப உனக்கு என்னத்துக்குப் பிள்ளை சம்பளம்?"

மேல்மாடி அக்காவும் இவவும் ஒரே வகுப்பில் படித்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ஆசிரியையும் இன்னொரு பரீட்சகரும் சுவரோரம் நின்றார்கள். முகம் கழுவியது, பல் விளக்கியது எல்லாம் நன்றாகவே நடந்தன. நீலக் கம்பளிச் சட்டை வந்தது. முதல் தெறி பூட்டியாயிற்று. இரண்டாவது வழுக்கி வழுக்கிப் போனது. என்னை அறியாமல் என் கை முன்னே நீண்டுவிட்டது. பாதி வழியில் நினைவு வந்து, அப்படியே மேசைப் பக்கம் திருப்பிச் சீப்பை எடுத்தேன். தலை ஏற்கெனவே வாரியிருந்தது. சீப்போடு நின்றேன்.

"ஏலாது" என்றார் அந்த அம்மா. "கோப்பி ஆறுது. நீ பூட்டு."

உண்மையில் முடியாவிட்டால் உதவத்தான் வேண்டும். ஆனால் அந்த "ஏலாது" எனக்குப் பழக்கமான குரலில் இருந்தது. என் வீட்டுத் திங்கட்கிழமைக் குரல். சீப்பை வைத்துவிட்டு அவருக்கு எதிரே இருந்து கேட்டேன்.

"உங்கட கலியாணத்துக்கு அவர் என்ன உடுப்போடை வந்தவர்?"

"அதை ஏன் கேக்கிறாய்! தமையன்ரை கோட்டு. கையெல்லாம் நீளம். மணவறையிலை மோதிரம் போட அந்த ஆளின்ரை விரலை நான் தேடவேண்டிக் கிடந்தது."

சொல்லச் சொல்ல இடது கை வேலை செய்தது. மாமியார் அழுதது, மழை பெய்தது, கேக் சரிந்தது என்று கதை போக, தெறிகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் பார்த்தால் எல்லாம் ஒரு ஓட்டை மாறிப் போயிருந்தன. சட்டை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. என் பத்து விரலும் துடித்தன. கையைக் கட்டிக்கொண்டு, "கண்ணாடி பாப்பமா?" என்றேன்.

பார்த்தார். வெடித்துச் சிரித்தார். "கடவுளே, கலியாணக் கோட்டோடை அவரேதான் நிக்கிறார்!"

சிரித்தபடியே எல்லாவற்றையும் கழற்றி, மேலிருந்து திரும்பப் பூட்டினார். கோப்பி ஆறியே போய்விட்டது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பரீட்சகர்கள் தாழ்வாரத்தில் போய்க் கலந்து பேசிவிட்டு வந்தார்கள். ஆசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மூன்று வருடப் படிப்பில் சந்திப்போம்" என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சூடான புதுக் கோப்பியோடு அறைக்கு ஓடினேன்.

"பாஸோ?" என்றார் அந்த அம்மா.

"பாஸ்!"

"அப்ப சோதினை முடிஞ்சுதுதானே." மணிக்கட்டுத் தெறியை என் பக்கம் நீட்டினார். "இதை நீ பூட்டிவிடு. அந்தச் சின்னன் மட்டும் எனக்கு மெய்யாவே ஏலாது."

வாசலில் நின்ற ஆசிரியையைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். பூட்டிவிட்டேன்.

வீட்டில் கணவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித் தெறி பூட்டாமல் காத்திருந்தார். மேல்மாடி அக்காவும் பேக்கரியிலிருந்து கேக்கோடு வந்து இருந்தா.

"சோதினை முடிஞ்சுது" என்றார் கணவர். "இனியாவது பூட்டிவிடுமன்."

"இன்னும் மூண்டு வருசம் படிப்புக் கிடக்கு" என்றேன். "நீங்களே பூட்டுங்கோ."

கையைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்து, அந்தப் புதுச் சமையல்காரனைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.