எதிர் மேஜையில் என் மகள்

இரண்டு வருடங்களுக்கு முன், சங்கராந்திக்கு ஊருக்குப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து ஹைதராபாத் சாலைகளில் மறுபடி நெரிசல் ஆரம்பித்திருந்த ஒரு சனிக்கிழமை அது. கொண்டாப்பூர் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில், வெள்ளைப் புடவையும் கறுப்புக் கோட்டுமாக, நாற்பத்தேழு வயதில் நான் மாணவர் விவாதப் போட்டிக்குப் போய் நின்றேன். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெற்றோர் உட்காருமிடம் மாடியில் என்று மரியாதையாக வழி காட்டினாள். நான் போட்டியாளர் என்று சொன்னதும் பாவம், மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலி. இப்போது வீடு ஹப்சிகுடாவில். பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் எனக்கு வேலை. டெண்டர், ஒப்பந்தம், தகராறு, வக்கீல் நோட்டீஸ் என்று இருபது வருடம் ஓட்டிய பிறகு, வக்கீல்களுக்கு எழுதிக் கொடுத்தே காலம் போகிறதே, நாமே படித்தால் என்ன என்று ஒரு வீம்பு வந்தது. மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், என் மகளும் அப்போது சட்டம்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்தது நகரத்திலேயே பெயர் பெற்ற கல்லூரி. எங்கள் கல்லூரியோ இரண்டு மாடியும் ஒரு ஓட்டை லிஃப்ட்டும்தான். வீட்டில் இரண்டு வக்கீல் உருவானால் தன் கதி என்ன என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சரிடம் நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, நெக்ஸ்ட் டைம் அப்பாவ அனுப்பு, ப்ளீஸ். நீ பேசினா எல்லாரும் சிரிக்காங்க" என்றாள். சின்னப் பெண், ஏதோ சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளி வாசலை நான் மிதிக்கவில்லை. அவள் முன்னால் ஒரு தடவையாவது நிமிர்ந்து நின்று பேசிவிட வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் எனக்குள் அப்படியே கிடந்தது.

போட்டியின் தலைப்பு மனித உரிமையும் சர்வதேசச் சட்டமும். பாதி நீதிமன்றம், பாதி பட்டிமன்றம் மாதிரி இருக்கும். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கற்பனை வழக்கை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். அந்த முறை வந்தது ஒரு படகு வழக்கு. உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து ஒரு நாட்டு மக்கள் படகில் தப்பித்து வருகிறார்கள். பக்கத்து நாட்டின் கடற்படைக் கப்பல் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அது சரியா, தப்பா? இருபக்கத்துக்கும் தயாராக வர வேண்டும். எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் சொல்வார்கள்.

இரண்டு கண்டிப்பான விதிகள். ஒன்று, எதிர்த்தரப்பை "மை லேர்னட் ஃப்ரெண்ட்", அதாவது கற்றறிந்த நண்பர் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, யார் எந்தக் கல்லூரி என்று நடுவர்களுக்குத் தெரியவே கூடாது. அணிக்கு ஒரு எண், அவ்வளவுதான். அடையாளத்தை வெளியே விட்டால் மதிப்பெண் வெட்டு.

இதனால் வீட்டில் நானும் மகளும் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். படகு என்ற பேச்சே சாப்பாட்டு மேஜையில் வரக் கூடாது. அவள் கதவை மூடிக்கொண்டு படிப்பாள், நான் சமையலறையில் படிப்பேன். எதற்கு இத்தனை ஏற்பாடு என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. எங்கள் கல்லூரி அந்தப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது. "ஃபர்ஸ்ட் ரவுண்ட்ல போயிட்டாலும் சர்டிஃபிகேட் உண்டும்மா" என்று மகள் எனக்கு ஆறுதல் வேறு சொல்லியிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு எங்கள் நேரமோ என்னமோ, முதல் சுற்றில் ஜெயித்தோம். அரையிறுதியிலும் ஜெயித்தோம்! எனக்கு ஜோடி பழைய நகரத்துப் பெண், இருபத்து மூன்று வயது, வாய் திறந்தால் நிறுத்த மாட்டாள். அறிவிப்புப் பலகையில் எங்கள் எண்ணைப் பார்த்ததும் "ஆன்ட்டி! ஃபைனல் ஆன்ட்டி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எதிரணியாக வெறும் ஒரு எண் போட்டிருந்தது. சீட்டில் எங்களுக்குப் படகு மக்களின் பக்கம் விழுந்தது, எதிரணிக்கு அந்தக் கடற்படை நாட்டின் பக்கம்.

அரங்கத்துக்குள் போனேன். எதிர் மேஜையில் என் மகள்.

அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். இவள் என் மகள், ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிடலாமா என்று ஜோடியின் காதில் கேட்டேன். அவளுக்கும் தூக்கிவாரிப் போட்டது. சொன்னால் அதுவே அடையாளத்தை வெளியே விட்டதாகிவிடாதா என்றாள். அதுவும் சரிதான். எதிரே மகள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. அதற்குள் மூன்று நடுவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

என் ஜோடி முதலில் பேசினாள், பொரிந்து தள்ளினாள். அடுத்து நான். இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பு நடுவில் எழுந்து கேள்வி கேட்கலாம். நான் இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன், மகள் எழுந்தாள். எங்கள் நாடு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை என்பது என் கற்றறிந்த நண்பருக்குத் தெரியுமா என்று சுத்தமான இங்கிலீஷில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அந்த நாடு சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, சித்திரவதை நடக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அது சொல்கிறது. அதைத்தான் சொன்னேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னதில் நாக்கு குழறி, வாக்கியம் தலைகீழாக வந்தது. பின் வரிசையில் களுக்கென்று சிரிப்புச் சத்தம். அந்த ஆட்டோ ஞாபகம் வந்து எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மறுபடி எழுந்தாள். அந்த உடன்படிக்கை எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்துக்குத்தானே பொருந்தும்? படகு எங்கள் கடல் எல்லைக்கு வெளியே அல்லவா இருந்தது? கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய கல்லூரிக் கூட்டம் மேஜையைத் தட்டியது.

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். என்னிடம் துருப்புச்சீட்டு இருந்தது. கோப்பைத் திறந்து பக்கத்தைத் தேடுகிறேன், அவள் மூன்றாவது தடவை எழுகிறாள். வீட்டில் குழம்பு கொதிக்கும்போது வந்து நின்று தொணதொணப்பாளே, அதே மாதிரி. எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ!

"ஏட்டி, சும்மா இரு! நான் இன்னும் முடிக்கல!"

இங்கிலீஷ் மறந்து வீட்டுத் தமிழ் வந்துவிட்டது, மைக் வேறு இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. கொல்லென்று ஒரே சிரிப்பு. மகள் பட்டென்று உட்கார்ந்து குனிந்துகொண்டாள். காதுமடல் சிவந்திருந்தது. எந்தப் பிள்ளைக்கு என்னால் அவமானம் வரக் கூடாது என்று எத்தனையோ வருடம் ஒதுங்கி நின்றேனோ, அதே பிள்ளையை அவள் கல்லூரியே பார்க்க நான் தலைகுனிய வைத்துவிட்டேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது.

நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர் அம்மா சிரிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலை உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு வரவில்லை. தெரியும், அவள் என் மகள் என்று சொன்னேன். வாய் தவறியது எனக்கு, வெட்டுவதானால் எங்கள் மதிப்பெண்ணை வெட்டுங்கள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். மூவரும் குனிந்து ஏதோ பேசினார்கள். எங்கள் அணிக்கு ஐந்து மதிப்பெண் கழிக்கப்படும், போட்டி தொடரலாம் என்று தீர்ப்பானது.

ஐந்து என்றால் இறுதிச் சுற்றில் பெரிய அடி. ஜோடியின் உழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே என்று அவளைத் திரும்பிப் பார்க்கவே கூசியது. அவளோ என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து, "டென்ஷன் நக்கோ ஆன்ட்டி. போலோ, போலோ!" என்றாள். பயப்படாமல் பேசு என்கிறாள், கண்ணில் கொஞ்சமும் வருத்தம் இல்லாமல். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

சரி, போனது போச்சு, இனி என்ன வெட்கம் என்று ஒரு தைரியம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி அலங்காரமாகப் பேசும் முயற்சியை விட்டேன். ஆபீஸில் டெண்டர் கூட்டத்தில் பேசுவேனே, பக்கம், பத்தி, வரி என்று, அந்த இங்கிலீஷை எடுத்தேன். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. டெண்டர் காகிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்போம். முதல் பக்கத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். வில்லங்கமெல்லாம் கடைசி இணைப்பில், பொடி எழுத்தில் இருக்கும். படகு வழக்கையும் நான் அப்படித்தான் பின்னாலிருந்து படித்திருந்தேன்.

கடைசி இணைப்பைத் திறக்கச் சொன்னேன். அது கப்பலின் குறிப்பேடு. அடிக்குறிப்பில் ஒரே ஒரு வரி. படகின் எஞ்சின் நின்றுபோனதால் கடற்படைக் கப்பல் கயிறு கட்டி, நான்கு மணி நேரம் அதை வந்த வழியே இழுத்துப் போய் விட்டது என்று. வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். படகு தங்கள் கடலில் இல்லை, தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று என் கற்றறிந்த நண்பர் சொல்கிறார், நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்றேன். அந்த நான்கு மணி நேரமும் கயிறு யார் கையில் இருந்தது? அது எந்தக் கடலாக வேண்டுமானாலும் இருக்கட்டும். கயிறு யார் கையிலோ, அந்த உயிர்களுக்கு அவர்கள்தானே பொறுப்பு?

இலக்கணம் சரியாக இருந்ததா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவர்கள் மூவரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். என் நேரம் முடிந்து மணி அடித்தது.

அடுத்து மகளின் முறை. அவள் வாயைத் திறப்பதற்குள் நடுவர் அம்மா முந்திக்கொண்டார். முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், கயிறு யார் கையில் இருந்தது?

மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். வேறு எங்காவது இழுத்துப் போய்க் குழப்பியிருக்கலாம், அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஆனால் நிமிர்ந்து, நடுவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

எங்கள் கையில்தான் என்றாள். "மை லேர்னட் ஃப்ரெண்ட் ஈஸ் ரைட்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக அவள் ஒன்றும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. மீதி நேரம் முழுக்கச் சிங்கம் மாதிரி வாதாடினாள். எஞ்சின் நின்ற படகை இழுத்தது உதவிதானே, உதவியைக் குற்றமாக்கினால் நாளை எந்தக் கப்பலாவது நின்று உதவுமா என்று அவள் கேட்டபோது, எனக்கே உள்ளுக்குள் பயமும் பெருமையும் சேர்ந்து வந்தது.

முடிவை அறிவித்தார்கள். ஐந்து மதிப்பெண் கழித்த பிறகும் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்திருந்தோம். எங்கள் ஓட்டை லிஃப்ட் கல்லூரி! என் ஜோடி விசில் அடித்தே விட்டாள். கோப்பையை வாங்கிக்கொண்டு நான் மேடையிலிருந்து இறங்கும்போது யாரோ முதலில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். பார்த்தால் எதிரணி. தன் கல்லூரிக் கூட்டத்தைக் கூப்பிட்டு, "மீட் மை அம்மா" என்று ஒவ்வொருவரிடமும் என்னை இழுத்துப் போய்க் காட்டினாள். நான் அத்தனை பேரிடமும் என் இங்கிலீஷிலேயே பேசினேன். அவள் என் கையை விடவில்லை.

மெட்ரோவில் வரும்போது எனக்கு ஒரு சந்தேகம் குடைந்தது. அம்மாவாயிற்றே என்று ஒத்துக்கொண்டாயா என்று கேட்டேன். அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "உனக்கு யாரு விட்டுக்கொடுத்தா? ஆன்ஸரே இல்லம்மா. நாங்க ஒருத்தருமே அந்த ஃபுட்நோட்ட படிக்கல" என்றாள். அந்தக் கோபத்தைப் பார்த்த பிறகுதான் நான் ஜெயித்தது எனக்கு நிச்சயமானது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக, "அந்த ஆட்டோல நான் சொன்னது... நீ மறக்கல இல்ல?" என்று கேட்டாள். அவளும் மறக்கவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அவள் வழக்கறிஞராகிவிட்டாள். நானும் படிப்பை முடித்துவிட்டேன். முக்கியமான கோப்பு வந்தால், "கடைசிப் பக்கத்த மட்டும் பாரும்மா" என்று என் மடியில் போடுகிறாள். அன்று ஜெயித்த கோப்பை எங்கள் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பேசாதே என்று சொன்ன அதே வாயால், அத்தனை பேர் முன்னால் என் மகள் எழுந்து நின்று என் பேச்சு சரி என்று சொன்னாளே, இன்றைக்கும் எந்த மேடையில் ஏறினாலும் அதை நினைத்துக்கொண்டுதான் மைக்கைப் பிடிக்கிறேன்.