நெஞ்சா, வயிறா

என் வீட்டுக்காரர் மின்விசிறி செய்கிற தொழிற்சாலையில் கேட் காவலர். வெளியே போகிற எந்தப் பையையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். அதில் தொழிலாளி, மேனேஜர் என்ற வித்தியாசம் கிடையாது. ஒருநாள் மதியம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். "பையைத் திற" என்றார். கேட்டில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலி டப்பாவின் மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

வேலையோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கைக்கடிகாரத்தை நம்பாமல் போனைப் பார்ப்பார். தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டால் போதும், "அவன் எதுக்குக் கேக்கறான்?" என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் என் உயிரை வாங்குவார்.

அப்படிப்பட்ட மனிதர் மேல் எனக்கே சந்தேகம் வந்ததுதான் வேடிக்கை. வேலை முடிந்து வந்ததும் படுக்கையறைக்குள் போய்த் தாழ்போட ஆரம்பித்தார். உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று மூச்சு கேட்கும். வெளியே வரும்போது தொப்பலாக நனைந்திருப்பார். வந்த கையோடு பனியனைத் தானே துவைத்துக் காயப்போடுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்தறியாத ஆள். நெஞ்சுவலியை மறைக்கிறாரா, வேறு எதையாவது மறைக்கிறாரா?

எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஒருநாள் தோளால் ஓர் இடி இடித்துத் திறந்தேன். மனிதர் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, முன்னால் சாய்வதும் பின்னால் வருவதுமாக இருந்தார்.

"சுவர் விழுந்துடும்னு புடிச்சிக்கிட்டு இருக்கீங்களா?"

"தண்டால் எடுக்கறேன்" என்றார், திருடன் பிடிபட்ட முகத்தோடு.

பிறகு விஷயத்தைக் கக்கினார். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஓர் உத்தரவு போட்டிருக்கிறானாம். ஐம்பது வயதைத் தாண்டிய காவலர்கள் பத்துத் தண்டால் ஒழுங்காக எடுத்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் நெஞ்சு தரையைத் தொட வேண்டும். முடியாதவர்களுக்குக் கேட் கிடையாது, பின்பக்கத்துக் கிடங்குக்கு மாற்றம். சம்பளத்தில் குறையில்லை, நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம்.

"நல்லதுதானே? ஹாயா உட்காரலாமே" என்றேன்.

"அங்கே யாருமே வரமாட்டாங்க. யாரும் போகவும் மாட்டாங்க." குரல் உடைந்துவிட்டது. "யாரைப் பாக்கறது நான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தேகப்பட ஓர் ஆள்கூட இல்லாத இடத்தில் இந்த மனிதர் ஒரு மாதம் தாங்கமாட்டார். அத்தனை கோபத்திலும் பாவமாக இருந்தது.

தண்டால் கற்றுக்கொள்ளப் போனில் வீடியோ பார்த்திருக்கிறார். அதையும் நம்பவில்லை. "கீழே போறப்ப காமிக்கறான். மேலே வர்றப்ப வேற பக்கமா காமிக்கறான். நடுவுல யாரோ தூக்கி விடறாங்க" என்றார். ஆனாலும் படிப்படியாக ஏறவேண்டும் என்ற யோசனையை அதிலிருந்துதான் எடுத்திருந்தார். முதலில் சுவரில், அடுத்து நான் தையலுக்குத் துணி வெட்டும் மேசை விளிம்பில், பிறகு தரையில் முட்டி போட்டு, கடைசியில்தான் கால் நீட்டி. என் மேசை ஏன் கொஞ்ச நாளாக நகர்ந்து நகர்ந்து ஜன்னலுக்குப் போகிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று பார்த்துப் பழகிய கண். தரையில் அவர் எடுத்த முதல் தண்டாலைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்பக்கம் கூடாரம் போல மேலே நிற்கிறது. முழங்கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து கிடக்கிறது. தலை மட்டும் போய்த் தரைக்குக் கும்பிடு போட்டுவிட்டு வருகிறது. நெஞ்சு வைத்த இடத்தில் வைத்தபடி.

என் மர ஸ்கேலை எடுத்து முதுகில் வைத்தேன். "பின்தலை, முதுகு, இடுப்பு, மூணும் இதைத் தொடணும். தூக்கினாலும் தப்பு, தொங்கினாலும் தப்பு. கையைத் தோளுக்கு நேர் கீழே வைங்க. முழங்கையை விரிக்காம உடம்பை ஒட்டிக் கொண்டுபோங்க. கீழே போறப்ப மூச்சை இழுங்க, எழும்பறப்ப விடுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் உடனே.

"அதே வீடியோவை நானும் பார்த்தேன். நம்பினேன்."

எண்ணுவதில்தான் சண்டை வந்தது. ஒழுங்காக எடுத்தால்தான் எண்ணுவேன் என்று சொல்லியிருந்தேன். "மூணு" என்றேன். அடுத்ததில் இடுப்பு தொங்கியது. "மூணு." அதற்கடுத்து வயிறுதான் தரையைத் தொட்டது, நெஞ்சு அந்தரத்தில். "மூணு."

அப்படியே தரையில் படுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த சூப்பர்வைசர் சட்டையை நீதான் தைக்கறியா?"

"அவன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்லை. வயித்தை உள்ளே இழுங்க."

"நெஞ்சுதான் தொட்டுச்சு."

"வயிறு."

இதற்கு ஒரு முடிவு கட்ட, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியைப் பொடித்துத் தரையில் தூவினேன். படுத்து எழுந்தார். பனியனில் தொப்புளைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம். அதை வெகுநேரம் குனிந்து பார்த்தார். கறையைக் கண்டால்தான் அவருக்கு எதுவும் உண்மை. அதற்குப் பிறகு என்னோடு வாதாடவில்லை.

வீம்புக்காரர் என்பதால் சும்மா இருக்கவில்லை. கைகளை அகல வைத்துப் பார்த்தார், நெஞ்சு சீக்கிரம் இறங்குமா என்று. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கடியில் சேர்த்து வைத்துப் பார்த்தார், அதில் மூக்குதான் முதலில் இறங்கியது. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து எடுத்தபோது நாற்காலி ஒரு பக்கம் போனது, இவர் ஒரு பக்கம் போனார். "இந்த நாற்காலியை யார் இங்கே வச்சது?" என்று கேட்டார். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாதாரணத் தண்டாலுக்கே வந்தார். வட்டமும் மெல்ல மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. ஆனாலும் நெஞ்சோடு வயிறும் போய்த் தொட்டுவிட்டுத்தான் வரும்.

சோதனை நாள் காலையில் என் சாக்கட்டி டப்பாவில் ஒன்று குறைந்தது. நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் வர நேரமானது. என்னால் மெஷினில் ஒரு தையல்கூட நேராகப் போட முடியவில்லை. கிடங்குக்குப் போட்டுவிட்டார்கள் என்றே மனதில் பட்டது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், பனியனோடு. சீருடைச் சட்டை கையில், கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில்.

"தெரு முழுக்க இப்படியேவா வந்தீங்க?"

"போட்டா அழிஞ்சிடும்" என்றபடி சட்டையை என் மேசைமேல் பூ வைப்பதுபோல வைத்தார். "பாஸ்னு சொல்லிட்டான்."

எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. அவர் முகத்திலோ ஈயாடவில்லை.

"அப்புறம் என்ன?"

"நடுவுல அவனுக்கு போன் வந்துச்சு. பேசிக்கிட்டேதான் எண்ணினான். முடிஞ்சதும் 'பாஸ் அண்ணே, கேட் உங்களுக்குத்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டான். எதைப் பார்த்துப் பாஸ் போட்டான்? நல்லவேளை, தரையில பொடியைத் தூவி வச்சிருந்தேன். நீ பாரு. வயிறுன்னா சொல்லிடு, நாளைக்கே கிடங்குக்குப் போயிடறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? அவனே பாஸ்னு சொல்லிட்டானே."

"நான் பொய்யா நின்னா, எவன்கிட்ட பையைத் திறன்னு எந்த வாயால சொல்றது?"

சட்டையை விரித்து விளக்கை இழுத்து வைத்தேன். கருநீலத் துணியில், பாக்கெட்டுக்குமேல் தடிமனாக வெள்ளை அப்பியிருந்தது. நெஞ்சேதான். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வயிற்றுப் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை. அதுதான் எனக்கு இடித்தது. இத்தனை நாளும் ஒருநாள்கூட அந்த வயிறு தொடாமல் இருந்ததில்லை.

"கையால தடவிக்கிட்டீங்களா?"

அவர் சட்டையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"கீழே படுங்க" என்றேன்.

முனகாமல் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். நான் பொடியைத் தூவினேன். முதுகில் ஸ்கேலை வைத்தேன். இறங்கினார். வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டது, ஸ்கேல் அசையவில்லை, முழங்கை விலகவில்லை. நான் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் அந்த உடம்புக்குள் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஒண்ணு" என்றேன். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசி இரண்டும் மெதுவாகத்தான் வந்தன. இருந்தும் இறங்கி, தொட்டு, எழுந்தார்.

"பத்து. நெஞ்சு" என்றேன்.

அவர் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கிற்று.

"இப்ப என்ன சிரிப்பு? உங்களையே சந்தேகப்பட்டேன், கோபம் வரலியா?"

"நீ பார்த்ததும் சரின்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கமாட்டேன்" என்றார் தரையைப் பார்த்தபடியே. "ஊர்ல நான் நம்பற ஆள் நீ ஒருத்திதான்."

இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. முகத்தைக் காட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். நாற்காலி இருந்தும் உட்காராமல், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்தார். திரும்பும்போது, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நானாகப் பையைத் திறந்து நீட்டினேன்.

அவர் புருவம் சுருங்கியது. டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தார்.