நலமாக இருந்தவருக்கு ஒரு ஆஸ்பத்திரிச் சான்றிதழ்

என் மகள் தேன்மொழி கபடி வீராங்கனை. போன கார்த்திகை முடிந்த வாரம், லீக்கில் ஆட அவளுக்கு ஓராண்டுத் தடை என்று கடிதம் வந்தது. காரணம் நான்தான்.

அவளுக்கு ஒரு அணியில் இடம் கிடைத்தால், தீபத்தன்று அவளோடு கிரிவலம் வருவதாக அண்ணாமலையாரிடம் வேண்டியிருந்தேன். இடம் கிடைத்தது. ஆனால் தீபத்தின்போது பயிற்சி முகாம். லீவு தர மாட்டார்கள் என்றாள். சாமி குற்றமாகிவிடுமோ என்று பயந்துபோய், "அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரில சேத்திருக்கோம்" என்று அவளிடம் போனில் சொல்லிவிட்டேன்.

மேனேஜரிடம் அதையே சொல்லிவிட்டு அழுதுகொண்டே வந்தாள். வீட்டில் அவள் அப்பா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னோடு மலையைச் சுற்றினாள்.

லீக் ஆஸ்பத்திரிக் காகிதம் கேட்டது. எங்கே போவது? பொய் சொல்லி முகாமை விட்டுப் போனாள் என்று தடை விதித்தார்கள். அம்மா சொன்ன பொய் என்று அவள் வாய் திறக்கவே இல்லை.

மேல்முறையீட்டுக்குப் பத்து நாள் அவகாசம்.

"அப்பீல் வேணாம்மா. பண்ணா உன்னத்தான் கூப்ட்டு கேப்பாங்க. ஒரு வருஷம்தானே, போவட்டும்" என்றாள். அவளுக்கு இருபத்தாறு வயது. கபடியில் ஒரு வருடம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் யாரையோ பிடித்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்தார். நெஞ்சு வலிக்குச் சிகிச்சை, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. "நல்லா இருக்கறவன ரெண்டாவது வாட்டி படுக்க வெக்கறீங்க" என்றார் என் கணவர். அனுப்பும் முன் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கலாம் என்று நானும் அவரும் கோயிலுக்குப் போனோம்.

அர்ச்சனைத் தட்டில் இருந்த காகிதத்தைக் குருக்கள் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. இல்லாத நோய்க்கு இவர் பேரில் அர்ச்சனையா? அது பலித்துவிட்டால்?

"கேக்கறாரில்ல, சொல்லு. உத்திரம்" என்றார் பக்கத்திலிருந்த உத்திர நட்சத்திரக்காரர்.

"என் பேருக்கே செய்ங்க சாமி" என்று காகிதத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டேன். வழி காட்டு என்று இத்தனை நாளாகக் கெஞ்சியதற்கு அதுதான் பதில் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. வெளியே வந்து கிழித்தேன்.

அன்று மாலையே மேல்முறையீடு எழுதினோம். பொய் சொன்னது தாய், மகளுக்குத் தெரியாது என்று என் கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். விசாரணையில் வீடியோவில் என்னையும் கேட்டார்கள். "வீட்டுக்கு வந்தப்புறம்தாங்க அவளுக்குத் தெரியும்" என்றேன். தெரிந்த பிறகாவது மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் தடையை வைத்து, மீதியை நீக்கினார்கள்.

நாலாவது ஆட்டத்தில் தேன்மொழி களம் இறங்கினாள். முந்தின நாள் போன் செய்து, "கும்புட்டுக்கோம்மா, ஆனா எதுவும் வேண்டிக்காத" என்றாள். அப்படியே செய்தேன். இப்போதெல்லாம் வேண்டினால், நான் மட்டும் கிரிவலம் வருவதாக என் காலை நம்பித்தான் வேண்டுகிறேன்.

என்னைப் போல் பயந்து கிடப்பவர்கள் அண்ணாமலையாரிடம் போங்கள். அவர் முன் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வேறு எங்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். எங்களுக்குப் பார்த்துக்கொண்டார்.