நூற்று மூன்று கிலோ இன்ஷிராஹ்

மருந்துக்கடைத் தராசின் முள் நூற்று மூன்றில் போய் நின்றது. இன்ஷிராஹ் செருப்பைக் கழற்றினாள், கைப்பையை இறக்கி வைத்தாள், மூச்சைக்கூட வெளியே விட்டுப் பார்த்தாள். முள் அசையவில்லை. நான்கு மாதத்துக்கு முன்பு நூற்று நாலு.

கூட வந்திருந்த அண்ணன் ஷஹாத்தா எட்டிப் பார்த்தார். "நேத்து தின்ன மஹ்ஷி செரிச்சிருக்கும். அதான் அந்த ஒரு கிலோ."

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. புருஷன் இறந்த நாளிலிருந்து அவளுக்கு இருக்கும் ஒரே ஆசை, அண்ணனோடு ஹஜ்ஜுக்குப் போவது. அண்ணன் மகன் உஸாமாதான் பெயர் பதிகிறான். இன்று சாயங்காலத்தோடு பதிவு முடிகிறது. பத்துக் கிலோ குறைந்தால்தான் உன் பெயர் என்று அண்ணன் நான்கு மாதத்துக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டார். தாம் அறுபத்தெட்டுக் கிலோ என்பதில் மனிதருக்கு அவ்வளவு கர்வம்.

கடைக்காரப் பெண் மர்வா பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டாள். "முள்ள மட்டும் பாக்காதீங்க மாமா. பிரஷர் எவ்வளவு இறங்கியிருக்கு தெரியுமா? சித்தி முன்னெல்லாம் இந்த வாசப்படி ஏறவே கதவப் பிடிப்பாங்க."

"அங்க வாசப்படி ஏறப் போகலம்மா. கூட்டத்துல நாள் பூரா நடக்கணும்."

அதற்காகத்தானே நடந்தேன் என்று வாய்வரை வந்தது. முப்பது வருஷம் தையல் மெஷின் முன் உட்கார்ந்து பெருத்த உடம்பு அது. தினமும் விடியல் தொழுகை முடித்து மன்சூரா நகரின் நைல் கரையில் நடந்தாள். முதல் வாரம் பாலத்தைக்கூட எட்டவில்லை. இப்போது பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்புகிறாள். போட்டிருக்கும் கலாபிய்யா அங்கியை இடுப்பில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. தையல்காரிக்கு அளவு நாடா சொல்வதைவிடத் தராசு என்ன பெரிதாகச் சொல்லிவிடும்? ஆனால் அண்ணனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. செருப்பை மாட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

அவள் வீடு நான்காவது மாடியில். அவள் நிற்காமல் ஏறினாள். யாரோ ஃபோனில் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணன் இரண்டாவது மாடியில் நின்றுவிட்டு வந்தார். உள்ளே நுழையும்போது அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது.

"தொழுதுட்டு உஸாமாவுக்கு ஃபோன் போடுறேன். இந்த வருஷம் உன் பேர் வேணாம். மனசுல வெச்சுக்காத."

அவர் சுவரோரம் முன்னால் நின்றார், அவள் பின்னால். முழங்கால் வலியால் மூன்று வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். இன்று அவள் நாற்காலியைத் தொடவில்லை. நான்கு ரக்அத் என்றால் நான்கு சுற்று; தரையில் நெற்றி வைத்து மூன்று முறை எழுந்து நிற்க வேண்டும். தனியாக இருக்கும்போதுகூட ஒரு முறைக்கு மேல் முயன்று பார்த்ததில்லை.

முதல் முறை கை ஊன்றாமல் எழுந்தாள். தொடை வெடவெடத்தது. இரண்டாவது முறை முழங்கால் சுள்ளென்றது, ஆனாலும் எழுந்துவிட்டாள். மூன்றாவது முறை பாதத்தை ஊன்றிக் குந்திக்கொண்டு காத்திருந்தாள். தொழவைப்பவர் எழாமல் பின்னால் நிற்பவர் எழக்கூடாது. அண்ணன் எழவில்லை. கால் மரத்தது, நெற்றியில் வேர்த்தது. இப்போது சாய்ந்தால் எல்லாம் போச்சு. நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் ஒரு கையை ஊன்றினார், அப்புறம் மறு கையை, கடைசியில் சுவரைப் பிடித்து ஒருவழியாக நின்றார். அவள் பல்லைக் கடித்து எழுந்தாள்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியவர் மூலையில் இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"தரையிலயா தொழுத?"

"ஆமாண்ணே."

"எழுந்திரிக்க முடியுதா?"

அவள் எழுந்து காட்டினாள். அவர் எழவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். முகம் சிறுத்துப்போயிருந்தது.

"பாத்துட்ட, இல்ல?"

"பாத்தேன்."

"உஸாமாகிட்ட சொல்லிராத தாயி. தெரிஞ்சா என் பேரையும் அடிச்சிருவான்."

அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சோபாவில் கிடந்த அவருடைய ஃபோனை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"முதல்ல என் பேரச் சொல்லு. அப்புறம் தூக்கி விடுறேன்."

அவர் தரையில் உட்கார்ந்தபடியே மகனைக் கூப்பிட்டார்.